உரிமை கோரப்படாத புகை

பிரேசில் தேசத்தில் உலக நாடுகளெல்லாம் கூடி, பூமி சூடாகிக்கொண்டு வருகிறதே என்று கவலைப்பட்டு, கைகுலுக்கி, படம் எடுத்துக்கொண்டு கலைந்த மறு வருஷம், அதாவது 1993. இத்தனை காலம் கேட்பாரற்றுத் திரிந்த புகைக்கு இனிமேல் ஒரு சொந்தக்காரர் இருந்தாக வேண்டும், எந்த நாட்டுப் புகை எவ்வளவு, தலைக்கு எவ்வளவு என்று கணக்குச் சொல்லியாக வேண்டும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அந்தக் கவலை கோலாலம்பூரில் வந்து இறங்கியது. அங்கே அதற்கு இடம் போதவில்லை. ஒரு பகுதியைச் சுற்றறிக்கையாக மடித்து, பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்கு அனுப்பி வைத்தார்கள்.

வந்த கவலையை உட்காரவைக்க ஓர் ஆப்பீஸ் வேண்டுமே! பெர்ரித் துறைக்குப் பக்கத்துக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் 'புகைப் பொறுப்பு நிர்ணய இலாகா' உதயமாயிற்று. ஐந்து மேசை, ஒரு பச்சைக் கம்பளம், நான்கு ஏர்கோன். அந்தக் குளிரில் குமாஸ்தாக்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டைப் அடித்தார்கள். அந்த அறைக்குள் உட்கார்ந்துகொண்டு பூமி சூடாகிறது என்று நம்புவதற்கு நிஜமாகவே கடமையுணர்ச்சி வேண்டும்.

டைரக்டர் பரமநாதன். அந்த வருஷம் பூமியின் மேல் அக்கறை வந்தவர்கள் எல்லாரும் பச்சைக்கு மாறினார்கள். இவர் கொஞ்சம் கூடுதலாகவே மாறிவிட்டார். பச்சைச் சட்டை, பச்சை டை, பச்சை மையில் கையெழுத்து. தம் பெரிய காரின் பின்கண்ணாடியில் 'பூமியைக் காப்போம்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். ஊரார் அதை வாசிக்க வேண்டுமே என்று அவருடைய டிரைவர் சாயந்தரமானால் காரை டவுனைச் சுற்றிச் சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வருவார்.

அவருக்குக் கீழே தலைமைக் குமாஸ்தா அம்பிகைபாகன். நம் கதை இவரைப் பற்றியது. தங்கமான மனிதர். அப்பா குமாஸ்தா, தாத்தாவும் குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த நாள் முதல் அந்தக் குடும்பத்தில் யாரும் காகிதத்தில் இல்லாத எதையும் நம்பியதில்லை. மழையில் தொப்பலாக நனைந்து வந்தாலும், மறுநாள் பேப்பரைப் பார்த்த பிறகுதான் "நேத்து நல்ல மழை" என்பார்.

வீடு தீவுக்கு எதிரே, கடலுக்கு அக்கரையில், சிம்பாங் அம்பாட்டில், தாமான் எனப்படும் வரிசை வீட்டுக் குடியிருப்பு ஒன்றில். வீட்டுக்குப் பின்னாலேயே மேசைக் காத்தாடி, அதாவது மின்விசிறி, செய்கிற பெக்டரி. அங்கே செய்கிற காத்தாடியெல்லாம் மேல்நாட்டுக்குக் கப்பலேறிவிடும். புகை மட்டும் போக மனமில்லாமல் அம்பிகைபாகன் வீட்டு ஜன்னல் வழியாக வந்து ஹாலில் உட்கார்ந்துகொள்ளும். அவர் மனைவி செல்வநாயகிக்குத் தீராத இருமல். அவள் இருமத் தொடங்கினால் அடுத்த வீட்டு சித்தி ஹாஜரா ('சித்தி' அவள் பெயரிலேயே உள்ளது, உறவுமுறை இல்லை) தன் அடுப்படியில் இருந்தபடியே, "அக்கா, சுடுதண்ணி குடிங்க!" என்று குரல் கொடுப்பாள். டாக்டர் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "அந்தச் சிம்னிக்கு ஒரு வடிகட்டி போட்டாத்தான் இந்தம்மாவுக்கு நல்லாகும்" என்றார்.

வடிகட்டி போடச் சொல்லி உத்தரவு போடுகிற அதிகாரம் யாருக்கு? புதிய இலாகாவுக்கு! அம்பிகைபாகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"தீபாவளிக்குள்ள வடிகட்டி ஏறிடும். நான் மனு எழுதிட்டேன்."

"யாருக்கு எழுதினீங்க?" என்றாள் செல்வநாயகி.

"டைரக்டருக்கு. தலைமைக் குமாஸ்தா மூலமா. தபால்ல போட்டுட்டேன். நாளைக்கு ஆப்பீஸ்ல என் கைக்கு வந்துடும்."

"உங்க கையிலதானேங்க இருந்துச்சு? அப்படியே எடுத்துக்கிட்டுப் போனா என்ன?"

"அதெப்படி? தபால் முத்திரை வேணாமா?"

மறுநாள் மனு வந்து சேர்ந்தது. அம்பிகைபாகன் அதை முதல் தடவை பார்ப்பவர்போல் வாசித்து, பரிதாபப்பட்டு, முத்திரை குத்தி, டைரக்டரிடம் கொண்டுபோனார்.

"வடிகட்டியா? போட்டுடலாம்லா" என்றார் பரமநாதன். "ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு. புகைக்குச் சொந்தக்காரர் யாரோ அவருக்குத்தான் உத்தரவு போகணும். சொந்தக்காரர் யாருன்னு தெரியணும்னா தலைக்கு எவ்வளவு புகைன்னு தெரியணும். அதுக்குத் தலை எத்தனைன்னு தெரியணும். மேல்நாட்டு நிபுணர் அடுத்த மாசம் வர்றார். தலையை எண்ணுங்க, மிஸ்டர் அம்பிகைபாகன்!"

எப்படி எண்ணுவது? ஒரு நாள் காலை பெர்ரியில் நிற்கும்போது அவருக்குப் பளிச்சென்று வழி தெரிந்தது. பினாங்கில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம்தான். பெர்ரியானாலும் பாலமானாலும் அக்கரையிலிருந்து தீவுக்கு வரும்போதுதான் காசு. திரும்பிப் போவது சும்மா. வந்தவன் போகாமல் எங்கே போய்விடப் போகிறான் என்ற நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு.

"சார், தீவுக்கு வர்ற எல்லாருக்கும் டிக்கெட் இருக்கு. பக்கா ரெக்கார்டு."

"அருமை! திரும்பிப் போறவங்களுக்கு?"

"டிக்கெட் கிடையாதே சார்."

"அப்போ ரெக்கார்டு?"

"இல்லை சார்."

"ரெக்கார்டு இல்லாம ஒரு மனுஷன் திரும்பிப் போனான்னு நாம எப்படி எழுதுறது?"

அம்பிகைபாகன் யோசித்தார். அவருக்குள் மூன்று தலைமுறை சேர்ந்து யோசித்தது. "எழுத முடியாது சார்" என்றார்.

அப்புறம் என்ன, வருஷம் பூராவும் வந்தவர்களைக் கூட்டினார்கள். போனவர் எவருமில்லை. கூட்டல் முடிந்தபோது பினாங்குத் தீவின் ஜனத்தொகை பல தேசங்களைத் தாண்டிவிட்டது. ஆளுக்கு ஒற்றைக் காலை ஊன்றி நின்றாலும் கொடிமலை உச்சிவரை இடம் பற்றாது. கார்களும் அப்படித்தான். வந்த கார் திரும்பிப் போகவில்லை, ஆகவே நிற்கிறது. நிற்கிற கார் புகை விடாது. தீவின் புகையை இத்தனை தலைக்கும் பங்கு போட்டுப் பார்த்தால் ஆளுக்கு ஒரு கொசுவத்திச் சுருள் அளவுகூடத் தேறவில்லை.

"உலகத்திலேயே சுத்தமான தீவு!" பரமநாதன் துள்ளிக் குதித்தார். ஆப்பீஸ் முழுக்கச் செண்டோல் என்கிற ஐஸ் பாயசம் வரவழைத்தார், அதுவும் பச்சையாக இருக்கிறதே என்று. "சரி, அக்கரையில எத்தனை தலை?"

"அங்கே யாரும் இல்லை சார். எல்லாரும் இங்கே வந்துட்டாங்க" என்று அம்பிகைபாகன் தம் வாயாலேயே சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்து, செண்டோல் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"சார்... நான் சிம்பாங் அம்பாட்ல குடியிருக்கேனே?"

"இன்னைக்குக் காலையில டிக்கெட் எடுத்தீங்களா?"

"எடுத்தேன் சார்."

"நேத்து?"

"நேத்தும் எடுத்தேன்."

"ரெண்டு தடவை வந்திருக்கீங்க. ஒரு தடவையாவது போயிருக்கீங்களா?"

"தினம் சாயந்தரம் போறேனே சார்!"

"ஆதாரம்?"

அம்பிகைபாகன் சட்டைப்பையைத் துழாவினார். சீப்பு இருந்தது. ஆதாரம் இல்லை.

"மிஸ்டர் அம்பிகைபாகன், நீங்க இந்தத் தீவுல கிட்டத்தட்ட முந்நூறு பேரா இருக்கீங்க. எதுக்குக் கவலை?" என்று டைரக்டர் அவர் தோளில் தட்டினார்.

நிபுணர் வந்தார். பூமிக்காக அந்த வருஷம் மட்டும் உலகத்தைப் பலமுறை விமானத்தில் சுற்றியவர். காத்தாடியெல்லாம் போகிறதே, அதே நாட்டுக்காரர். வந்ததும் குளிர் தாங்காமல் ஒரு குமாஸ்தாவின் ஸ்வெட்டரை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார். பெக்டரி சார்பில் மேனேஜர் தங்கராஜுவையும் அழைத்திருந்தார்கள். சிம்பாங் அம்பாட் சிம்னியை முன்வைத்து மகாநாடு ஆரம்பமானது. அம்பிகைபாகன் மேசை ஓரத்தில் பேனாவும் கையுமாக, மனசுக்குள் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அது எங்க புகையே இல்லை சார்" என்றார் தங்கராஜு. "நாங்களா ஆசைப்பட்டுக் காத்தாடி செய்யறோம்? ஆர்டர் வருது, செய்யறோம். யார் ஆர்டரோ அவங்க புகை."

நிபுணர் தலையை ஆட்டினார். "எங்கள் நாட்டுக்கு வருவது காத்தாடி மட்டும்தான். பெட்டியைப் பிரித்துப் பார்த்தோம், உள்ளே புகை இல்லை. எந்த மண்ணில் கிளம்புகிறதோ அந்த மண்ணின் ஜனங்களுக்குத்தான் அது சொந்தம்."

"அந்த மண்ணுல ஜனமே இல்லையே!" என்றார் பரமநாதன், டிக்கெட் கணக்கை நீட்டி.

நிபுணர் அதைப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். கண் கலங்கிவிட்டது. "எங்கள் ஊரிலும் வருகிற சரக்கை எண்ணுகிறோம், பின்னால் விட்டுவிட்டு வந்த புகையை எண்ணுவதில்லை. ஆனால் அதைச் செய்ய எங்களுக்கு ஒரு பல்கலைக்கழகமே தேவைப்பட்டது. நீங்கள் ஒரு பெர்ரியை வைத்துக்கொண்டு சாதித்துவிட்டீர்களே!"

ஆக, சொந்தக்காரர் இல்லை. சொந்தக்காரர் இல்லாததால் உத்தரவு இல்லை. உத்தரவு இல்லாததால் வடிகட்டி இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் தொலைந்த பொருளுக்குச் செய்கிற மாதிரி 'உரிமை கோரப்படாத புகை' என்று வகைப்படுத்தி, சொந்தக்காரர்கள் தக்க அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். ஒரே ஓர் ஆள் வந்தார். அவர் குடையைத் தொலைத்தவர்.

அன்று சாயந்தரம் வீட்டுக்குப் போக அம்பிகைபாகனுக்குக் காலே எழவில்லை. போனால், வாசலிலேயே செல்வநாயகியும் சித்தி ஹாஜராவும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னங்க, வடிகட்டி என்னாச்சு?"

"ஆள் இல்லாத இடத்துக்கு வடிகட்டி போட விதி இல்லையாம்."

"ஆள் இல்லையா? அப்போ நான் யாரு?"

"நீ தைப்பூசத்துக்குத் தீவுல தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனே இல்ல? டிக்கெட் எடுத்தே. அதுலேர்ந்து நீ அங்கதான் இருக்கே."

"அல்லாவே! நான்?" என்றாள் சித்தி ஹாஜரா.

"நீங்க உங்க தங்கச்சி கல்யாணத்துக்குத் தீவுக்குப் போனதோட சரி."

செல்வநாயகி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இருமல் முந்திக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, முதுகு குலுங்க இருமினாள். பார்க்கச் சகிக்கவில்லை. இருமி முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி. அங்கதான் இருக்கோம்னா அங்கேயே இருந்துடுவோம்" என்றாள்.

மறுநாள் காலை பெர்ரியில் அந்தத் தாமானே ஏறியது. பாய், தலையணை, ரைஸ் குக்கர், அம்மிக்குழவி, கைக்குழந்தை, ஒரு கூண்டுக் கிளி. எல்லாம் படியேறி இலாகாவுக்குள் நுழைந்து பச்சைக் கம்பளத்தில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தன. அம்பிகைபாகன் தம் மேசைக்கடியில் ஏதோ விழுந்துவிட்டதுபோல் குனிந்துகொண்டார்.

"என்ன இது? யார் நீங்கள்லாம்?" டைரக்டர் அலறினார்.

"உங்க ரெக்கார்டு ரொம்பச் சரி சார்" என்றாள் செல்வநாயகி பணிவாக. "நாங்க தீவுக்கு வந்தவங்க, திரும்பிப் போகாதவங்க. எங்க வீடு எதுன்னு காட்டினீங்கன்னா போயிடுவோம்."

"வீடா? அம்மா, தயவுசெஞ்சு திரும்பிப் போங்க!"

"திரும்பிப் போறதுன்னு ஒண்ணு உங்க ரெக்கார்டுலயே இல்லையே சார்."

அவர்கள் போகவில்லை. ஏர்கோன் காற்றில் ஃபைல் அலமாரி மேலே சாரோங் கைலியும் பாவாடையும் ஜோராகக் காய்ந்தன. டைரக்டரின் சுழல் நாற்காலியில் கைக்குழந்தையைப் போட்டுச் சுற்றிச் சுற்றித் தூங்க வைத்தார்கள். மத்தியானமானால் சித்தி ஹாஜராவின் மீன்குழம்பு வாசனையில் குமாஸ்தாக்கள் டைப் அடிக்கிறதை மறந்தார்கள். முக்கியமான விஷயம், செல்வநாயகிக்கு இருமல் நின்றுபோனது. பொழுது விடிந்து பொழுது சாய்கிறவரை ஒரு தடவைகூட இருமவில்லை. அம்பிகைபாகன் மேசைக்கடியிலிருந்து அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். இப்படியே இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்றுகூட அவருக்கு ஓர் ஆசை வந்தது.

டைரக்டருக்கு வரவில்லை. கிளி அவருடைய குரலிலேயே "முறைன்னு ஒண்ணு இருக்கு" என்று சொல்லப் பழகிய அன்று அவர் சரணடைந்தார். 'திரும்பிப் போனமைக்கான சான்றிதழ்' என்று புதிதாக ஒன்றை உண்டாக்கி, ஆளுக்கொன்று பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். செல்வநாயகி அதைப் பத்திரமாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இப்போ நாங்க சிம்பாங் அம்பாட்ல இருக்கோமா?"

"சந்தேகமில்லாம!"

"அப்போ வடிகட்டி?"

"சொந்தக்காரர் கிடைச்சாச்சு. இனிமே தாமதமே இல்லை" என்றார் டைரக்டர்.

தாமதமே இல்லைதான். அந்த வாரமே நோட்டீஸ் வந்தது. எந்த மண்ணோ அந்த ஜனம் என்பது நிபுணர் வாக்கு. அக்கரையில் இப்போது ஆதாரத்தோடு வசிக்கிறவர்கள் யார்? இந்தத் தாமான்காரர்கள் மட்டும். ஜுருவில் எழும்புகிற புகை, புக்கிட் மெர்தாஜாமில் ஓடுகிற பஸ்ஸின் புகை, கோவில் சாம்பிராணி, காத்தாடிச் சிம்னி எல்லாவற்றையும் இவர்கள் தலைக்குப் பங்கு போட்டாகிவிட்டது. உலகத்திலேயே தலைக்கு அதிகப் புகை விடுகிற ஜனம் சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறது!

செல்வநாயகி நோட்டீஸை உரக்க வாசித்தாள். "'...மேலும், மனிதர் மூச்சில் வெளியேறும் வாயுவும் மேற்படி கணக்கில் சேரும். இருமும்போது சாதாரண மூச்சைக் காட்டிலும் அதிகமாக வெளியேறுவதால், தாங்கள் இருமுவதைக் குறைத்துக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.' அடியில யாரு கையெழுத்து இது?"

"டைரக்டருக்காக நான் போட்டது" என்றார் அம்பிகைபாகன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நல்லா இருக்கீங்களா நீங்க? புகையைப் பெக்டரிக்காரன் விடுவான், காத்தாடியை அந்த ஊர்க்காரன் போட்டுக்குவான், நான் இருமக் கூடாதா? ஒண்ணு பண்ணுங்க. நீங்க மூச்சு விடுறதை நிறுத்திக்குங்க. உங்க பங்கை என் பேருக்கு மாத்திக் கொடுத்துடுங்க. நான் ஆசை தீர இருமிக்கிறேன். கணக்கு நேராப் போயிடும்!"

வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் இது கோபம் என்று புரிந்திருக்கும். அம்பிகைபாகன் குமாஸ்தா. மறுநாள் 'பொதுமக்கள் யோசனை' என்று தலைப்பிட்டு டைரக்டர் மேசையில் வைத்தார்.

பரமநாதன் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "பங்கை மாத்திக்கிறது! இது எனக்குத் தோணலையேலா!" நிபுணருக்கு ஃபேக்ஸ் பறந்தது. நிபுணர் அடுத்த விமானத்தில் வந்து குதித்தார். அவருடைய நாட்டுக்குப் புகை விட இன்னும் கொஞ்சம் இடம் தேவைப்பட்டது. யார் அதிகமாக விடுகிறார்களோ அவர்களால்தானே அதிகமாகக் குறைக்க முடியும்? ஆகவே சிம்பாங் அம்பாட்காரர்கள் விடாமல் இருக்கப் போகிற மூச்சையெல்லாம் அவர் நாடு வாங்கி, அந்த அளவுக்குத் தான் புகை விட்டுக்கொள்ளும். பதிலுக்குத் தலைக்கு ஒரு புத்தம் புது மேசைக் காத்தாடி, இலவசம்.

தாமான் மண்டபத்தில் வாழை மரம் கட்டி விழா நடந்தது. தங்கராஜு மேடையேறி, வாயெல்லாம் பல்லாக மைக்கைப் பிடித்தார்.

"இந்த இலவசக் காத்தாடி ஆர்டர் எல்லாம் உங்க ஊர் பேர்லதான் வந்திருக்கு. யார் ஆர்டரோ அவங்க புகைன்னு நான் அன்னைக்கே சொன்னேன். எந்த மண்ணோ அந்த ஜனம்னு நிபுணர் சொன்னார். இப்போ ரெண்டு பேரும் ஒரே கட்சி, புகை உங்களோடதுதான்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அம்பிகைபாகன் மட்டும் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "சார், அந்த வடிகட்டி..."

"தாராளமா மாட்டலாம் சார். ஆனா அதுக்குப் பெக்டரியை நிறுத்தணும். நிறுத்தினா தீபாவளிக்குக் காத்தாடி கைக்கு வராது. ஜனங்களே சொல்லட்டும், வடிகட்டியா, காத்தாடியா?"

பின்வரிசையில் யாரோ "காத்தாடி!" என்றார். அவ்வளவுதான், மண்டபமே "காத்தாடி! காத்தாடி!" என்று கூவியது. அந்தக் கூச்சலில் ஓர் இருமல் சத்தமும் இருந்தது. அம்பிகைபாகனுக்கு அது யாருடையது என்று நன்றாகவே தெரிந்தது.

பெக்டரி இரவும் பகலும் ஓடியது. தீபாவளிக்கு முந்தின நாள் அம்பிகைபாகன் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, ஹாலில் ஜன்னல் பக்கமாகக் காத்தாடியை வைத்து சுவிட்சைத் தட்டினார். ஜன்னலுக்கு வெளியே நின்ற புகையைக் காத்தாடி இழுத்து, நேராகச் செல்வநாயகியின் முகத்துக்கே கொண்டுவந்து கொடுத்தது.

"காத்து நல்லா வருது" என்றாள் செல்வநாயகி, இருமலுக்கு நடுவே. "சரி, மத்தது எங்கே?"

"மத்ததா?"

"பக்கத்து வீட்டுல சித்தி ஹாஜரா மாமியார் பேரையும் பிள்ளைங்க பேரையும் சேர்த்து அஞ்சு வாங்கியிருக்கா. நீங்க ஒண்ணே ஒண்ணைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறீங்க!"

"அது உன் சான்றிதழுக்குக் கொடுத்தது. எனக்குச் சான்றிதழ் இல்லையே. நான் ரெக்கார்டுபடி தீவுலதானே இருக்கேன்."

செல்வநாயகி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அங்கதான் நீங்க முந்நூறு பேரா இருக்கீங்களே! சான்றிதழ் அடிக்கிற மிஷினும் உங்க மேசையிலதான இருக்கு? தீபாவளி முடிஞ்சதும் முதல் பெர்ரியில போங்க. போய் ஆளுக்கொரு சான்றிதழ் அடிச்சு அத்தனை பேரையும் கூட்டிக்கிட்டு வாங்க!"

அம்பிகைபாகன் யோசித்தார். முறைப்படி பார்த்தால் அவள் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை.